உப்பிய சுவர்

மே மாதத்து மாலை வெயில் சாய்வாக விழுந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில், என் மகன் வீட்டுப் பக்கவாட்டில் ஒரு வெள்ளை டிரெய்லர் நின்றுகொண்டிருந்தது. அதன் இடது சுவர், பின் ஜன்னலுக்குக் கீழே, விருந்து சாப்பிட்டு எழுந்தவரின் வயிறு போல லேசாக முன்னால் வந்திருந்தது. நேராக நின்று பார்த்தால் தெரியாது. வெளிச்சம் பக்கவாட்டில் அடிக்க வேண்டும். விரல் முட்டியால் தட்டினேன். ஜன்னலுக்கு மேலே கெட்டியாக ‘டொக்’. கீழே ‘டொம்’.

“வெயிலுக்கு அப்படித்தாம்ப்பா விரியும். சாயந்தரம் சரியாயிடும்” என்றான் மகன்.

சாயந்தரம் ஆகிவிட்டிருந்தது. சரியாகவில்லை.

நான் வட இந்தியாவில் ஒரு ரயில் பெட்டிப் பணிமனையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன். தட்டிப் பார்ப்பதுதான் என் உத்தியோகம் என்றுகூடச் சொல்லலாம். மராமத்துக்கு வரும் பெட்டிகளின் அடிப்பாகத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவோம். தகடு எங்கே முழுசாக இருக்கிறது, எங்கே துருப்பிடித்து வெறும் பெயிண்டாக நிற்கிறது என்பதைக் காது சொல்லிவிடும். ஓய்வு பெற்று, 2023ல் ஆறு மாதம் மகன் வீட்டில் இருந்துவிட்டு வரலாம் என்று போன இடத்திலும் அந்தக் காது சும்மா இருக்கவில்லை.

சினிமாப் படப்பிடிப்பில் நட்சத்திரங்கள் ஒதுங்கும் கேரவனைப் பார்த்திருப்பீர்கள். 2021ல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கையே அறிவித்தது. நமக்கு அது இன்னும் வேடிக்கைப் பொருள்தான். அமெரிக்காவில் நடுத்தர வர்க்கத்தின் ஆசை. காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகும் வீடு அது. கட்டில், காஸ் அடுப்பு, கழிப்பறை, நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிட மேஜை எல்லாம் உள்ளே உண்டு. கொரோனா காலத்தில் விமானமும் ஹோட்டலும் பயம் தருவதாகிவிட, ஜனங்கள் இந்த வண்டிகளின் மேல் விழுந்தார்கள். 2021ல் மட்டும் சுமார் 6 லட்சம் புது வண்டிகள் தொழிற்சாலைகளிலிருந்து வெளியேறின. பெரும்பாலானவை இந்தியானா மாநிலத்தில் எல்கார்ட் என்ற ஊரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் செய்யப்பட்டவை. பழைய வண்டிகளுக்கும் கிராக்கி. அந்தச் சூட்டில்தான் என் மகனும், 2014ல் செய்யப்பட்ட இந்த 24 அடி வண்டியை 17,000 டாலர் கொடுத்து வாங்கியிருந்தான். பாதிக்கு மேல் கடன்.

இரண்டு ஆண்டில் ஐந்து முறை வெளியே கொண்டுபோயிருந்தார்கள். அதற்குள் இரண்டாவது குழந்தை பிறந்துவிட்டது. ஆகஸ்டுக்குள் விற்றுவிட்டுக் கடனை முடிப்பதென்று தீர்மானித்திருந்த நேரத்தில் நான் போய்ச் சுவரைத் தட்டினேன். மருமகள் மட்டும், “மாமா சொல்றதைக் கொஞ்சம் கேளுங்களேன்” என்றாள். அவளுக்கு அந்த வண்டிக்குள் போனாலே தும்மல் வந்துகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் இருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வாழ்நாளில் இப்படி மூன்று வண்டிகள் வைத்திருந்தவர். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் முட்டியால் தட்டினார். பிறகு தன் வீட்டிலிருந்து, முனையில் இரண்டு ஊசிகள் உள்ள சின்னக் கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். மரத்தில் எத்தனை சதவீதம் ஈரம் என்று காட்டும் மீட்டர். வண்டிக்குள், சாப்பாட்டு மேஜையின் பெஞ்சுக்குப் பின்னால் அதைக் குத்தினார். 15க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 20க்கு மேல் போனால் யோசிக்க வேண்டும். அது 38 காட்டியது.

ரயில் பெட்டிக்கு எஃகுத் தகட்டு உடம்பு. துருப்பிடிக்கும், ஆனால் பற்றவைக்கலாம். இந்த வண்டியின் சுவர் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று அவர் சொன்னபோது எனக்குத் திகைப்பாக இருந்தது. வெளியே பளபளப்பாகத் தெரிவது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஃபைபர் கிளாஸ் தாள். அதன் முதுகில் 3 மில்லிமீட்டர் பிளைவுட். அதன் பின்னால் ஒன்றரை அங்குலத் தெர்மோகோல், இடையிடையே அலுமினியச் சட்டம். மறுபடியும் பிளைவுட், அதன் மேல் பூப்போட்ட காகிதம். இத்தனையையும் பிடித்து வைத்திருப்பது பசை. ஆணி கிடையாது. பசை தடவி அடுக்கி, உருளைகளுக்கு நடுவில் விட்டு அமுக்குவார்கள், அல்லது காற்றை உறிஞ்சி இறுக்குவார்கள். ஈரம் படாதவரை அது நல்ல சுவர்தான். இலேசானது, வெயில் குளிர் தாங்கும், நெடுஞ்சாலையின் ஆட்டத்துக்கும் அசையாது. ஈரம் பட்டால் முதலில் கைவிடுவது பெரும்பாலும் பசையல்ல. பிளைவுட்டின் ஏடுகளே ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன. ஃபைபர் தாள் தன் முதுகில் ஓர் ஏட்டை ஒட்டிக்கொண்டு தனியே நிற்கிறது. உப்பல் அதுதான்.

அந்த பிளைவுட்டுக்கு இங்கே ‘லுவான்’ என்று பெயர். பிலிப்பைன்ஸ்காரர்கள் தங்கள் மரத்துக்கு வைத்த பெயர் அது. நம் ஊர்த் தச்சர்கள் மெராண்டி என்று சொல்லும் மரங்களின் வகையறா. சால் மரத்துக்கும் சொந்தம். அந்தக் காலத்தில் தண்டவாளத்துக்கு அடியில் சிலீப்பர் கட்டையாகப் படுத்து எத்தனை மழையைத் தாங்கியது சால்! அதன் உறவுக்காரனைத் தாள் தாளாகச் சீவி, மழைக்கு ஆகாத இடத்தில் வைத்து ஒட்டியிருக்கிறார்கள்.

ஜன்னலுக்குக் கீழே ஈரம் என்றால் ஜன்னல்தான் ஒழுகுகிறது என்று யாரும் நினைப்பார்கள். மகனும் அப்படி நினைத்துத்தான், வண்டியை வாங்கிய முதல் வருஷமே ஜன்னலைச் சுற்றி சிலிகானைத் தாராளமாகப் பிதுக்கியிருந்தான். இதில் சிலிகானைப் போல் துரோகி வேறில்லை. ஈரம் வெளியேறும் வழியை அது அடைக்கும், உள்ளே வரும் வழியைத் தொடாது. அது ஒருமுறை படிந்த இடத்தில் பிறகு வேறெதுவும் ஒட்டாது, புது சிலிகான்கூட.

ஒழுகல் எங்கே என்று கண்டுபிடிக்கக் கிழவர் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்துப்போனது. சைக்கிள் பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்ப்பார்களே, அதேதான். வண்டியை முக்க முடியாதல்லவா? கூரையில் காற்றுப் போக்கி இருக்கும் துளையில் ஒரு ஊதுவிசிறியை வைத்துச் சுற்றிலும் டேப் ஒட்டி, கதவு ஜன்னல்களை அடைத்து, வெளிக்காற்றை உள்ளே ஊதினோம். வண்டி லேசாகப் புடைத்துக்கொண்டது. பிறகு நான் ஏணியில் ஏறி, பாத்திரம் தேய்க்கும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து விளிம்பெல்லாம் பீய்ச்சிக்கொண்டே வந்தேன்.

ஜன்னலில் ஒரு குமிழிகூட இல்லை. கூரையும் சுவரும் சேரும் பின்மூலையில், ஜன்னலிலிருந்து நாலடி தள்ளி, அலுமினியப் பட்டையின் நான்கு ஸ்குரூ தலைகளில் நுரை பூத்தது. ஸ்குரூக்களை மூடியிருந்த பிளாஸ்டிக் நாடா வெயிலில் சுருங்கி இரண்டு அங்குலம் குட்டையாகிவிட்டிருந்தது. அந்த வழியாக இறங்கிய மழை, சுவருக்குள் இருந்த அலுமினியச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து, ஜன்னல் சட்டத்தின் மேல் சாய்ந்து, கீழே தேங்கியிருக்கிறது. ஆரெகனின் இந்தப் பகுதியில் அக்டோபரில் பிடிக்கும் மழை மே வரை விட்டுவிட்டுப் பெய்யும். எத்தனை மழைக்காலம் அந்த நாலு துளையில் இறங்கியதோ!

பட்டையைக் கழற்றினால் பாதி ஸ்குரூக்கள் துருத்தூளாக வந்தன. அதைவிட முக்கியமான ஒன்றும் கண்ணில் பட்டது. பட்டைக்கு அடியில் பழுப்பேறிய சிலிகான். இது மகன் போட்டதல்ல. உள்ளே பெஞ்சைக் கழற்றிப் பார்த்தோம். பின்னால் ஒட்டியிருந்த காகிதம் மற்ற சுவரில் இருப்பதைவிட ஒரு நிறம் வெளிறல். ஓரத்தைக் கத்தியால் நெம்பினேன். அடியில் பழைய காகிதம், அதில் கறுப்புத் திட்டுகள், பூஞ்சணம். விற்றவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. “சரிப்பா. நமக்கும் அதே வழிதான். துளை போட்டு ஊசியில பசையைச் செலுத்தி அமுக்கிடலாம், எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க. மேல ஒரு ஸ்டிக்கர். வர்றவன் பார்த்து வாங்கட்டும். எங்கிட்ட யாரும் சொன்னாங்களா?”

ஊசியில் பசை செலுத்துவது மோசடி வேலை அல்ல. உப்பல் கையளவாக இருந்து, உள்ளே மரம் கெடாமல், நன்றாகக் காய்ந்தும் இருந்தால் அது சரியான வைத்தியம்தான். இங்கே மரம் ஊறின அப்பளம். ஊறின அப்பளத்தின் மேல் எந்தப் பசை நிற்கும்?

அன்று நாங்கள் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டோம். எங்கள் வீட்டில் அதுதான் பெரிய சண்டை. மறுநாள் சனிக்கிழமை. காலையில் நான் பாட்டுக்குச் சுரண்டியை எடுத்துக்கொண்டு போய் சிலிகானைச் சுரண்ட ஆரம்பித்தேன். பத்து மணி சுமாருக்கு அவனும் இன்னொரு சுரண்டியோடு வந்து பக்கத்தில் நின்றான். அந்த வேலைக்கு இரண்டு முழு நாள் ஆனது. கைக்கு வேலை இருக்கும்போது முகம் பார்க்காமல் பேச முடிகிறது. அவனிடம் 27 வருஷமாகச் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

1996 மார்ச். நிதியாண்டு முடிவதற்குள் இத்தனை பெட்டிகள் மராமத்து முடிந்து வெளியேற வேண்டும் என்று கணக்கு. மார்ச் மாதத்துப் பெட்டிகளுக்கு எங்களுக்குள் ‘பட்டிப் பெட்டி’ என்றே பெயர். ரயில் பெட்டியில் முதலில் அரிப்பது கழிப்பறைப் பக்கம்தான். தண்ணீர் சொட்டிச் சொட்டித் தரைக்கு அடியில் உள்ள தகடு பொடியாகும். அதை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைத்தால் நாலு நாள். பட்டி பூசிப் பெயிண்ட் அடித்தால் அரை நாள். அந்தப் பெட்டியின் கழிப்பறை வாசலில் என் சுத்தியல் ‘டொம்’ என்றுதான் சொன்னது. நான் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை. எல்லாரும் போடுகிறார்கள் என்று போட்டேன்.

ஜூலையில் அந்தப் பெட்டி திரும்பி வந்தது. யார்டில் பெட்டி கழுவும் தொழிலாளி ஒருவரின் கால், கழிப்பறை வாசல் தரையை உடைத்துக்கொண்டு முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. கணுக்கால் எலும்பு முறிந்தது. வேலை போகவில்லை, ஆனால் பிறகு அவர் விந்தி விந்தித்தான் நடந்தார். விசாரணையில், தரை வயதாகிப் போனது என்று எழுதினார்கள். கையெழுத்து யாருடையது என்று யாரும் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. பணிமனைக் கேட்டில் அவரைப் பார்த்தால் எனக்கு சைக்கிளில் வேகம் கூடிவிடும்.

மகன் சுரண்டுவதை நிறுத்தவில்லை. “அம்மாவுக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டான். தெரியாது என்றேன். அவன் அம்மா போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் அவனே ஜன்னலைக் கழற்றினான்.

ஃபைபர் தாளைப் பின்மூலையிலிருந்து பாய் சுருட்டுவது போலச் சுருட்டி எடுத்தோம். சூடு காட்டிக் காட்டி, அகலமான கத்தியை உள்ளே விட்டு நெம்பியபடி ஆறடி நீளத்துக்குப் பிரித்துக் கயிற்றால் கட்டி வைத்தோம். உள்ளே இருந்த பிளைவுட் கறுப்பாக, ஈரமான தேயிலைத் தூள் போல விரலோடு வந்தது. தெர்மோகோல் மட்டும் அன்று வைத்தது போல வெள்ளையாக இருந்தது. அலுமினியத்துக்கும் சேதமில்லை. கெட்டதையெல்லாம் சுரண்டி, நல்ல மரம் கைக்குத் தட்டுப்படும் வரை வெட்டினோம். பிறகு மூன்று வாரம் விசிறி, ஈரம் உறிஞ்சும் இயந்திரம், ஜூன் மாத வெயில். எனக்குப் பொறுமை உண்டு, அவனுக்குக் கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு டார்ச்சோடு போய் மீட்டரைக் குத்திவிட்டு வருவான். 31. 24. 19. கடைசியில் 12.

கூரை விளிம்பை முதலில் முடித்தோம். பட்டைக்கு அடியில் பியூட்டைல் டேப். சூயிங்கம் போல எப்போதும் இறுகாமல் இருப்பதுதான் அதன் குணம். வண்டி ஆடும்போது அதுவும் சேர்ந்து இழுபடும், விரியும். கொஞ்சம் பருமனான புது ஸ்குரூக்களைத் துருப்பிடிக்காத எஃகில் போட்டோம். கூரையில், தானே பரவிச் சமனாகும் பசையை ஒவ்வொரு ஸ்குரூ தலை மேலும் ஊற்றினோம். சுவரை எப்படி ஒட்டினாலும், இதைச் சரிசெய்யாமல் ஒட்டியிருந்தால் இரண்டு மழைக்காலத்தில் மறுபடி வயிறு வந்திருக்கும்.

பசையில் ஒரு முட்டாள்தனம் செய்யப் பார்த்தேன். நம் ஊரில் மைக்கா ஒட்டும் ரப்பர் பசைதான் எனக்குப் பழக்கம். அதே ரகத்தை இங்கே வாங்கிவந்து, நல்லவேளை, ஒரு துண்டுத் தெர்மோகோலில் சொட்டுவிட்டுப் பார்த்தேன். புகைந்தது போலச் சுருங்கி, ரூபாய்க் காசு அளவுக்குப் பள்ளம் விழுந்தது. அதில் இருக்கும் கரைப்பான் தெர்மோகோலைத் தின்றுவிடும். சுவர் முழுக்கப் பூசியிருந்தால் உள்ளே ஒன்றுமே மிஞ்சியிருக்காது. மகன் சிரித்தான். ஒரு மாதத்தில் அன்றுதான் முதல் தடவை.

மெதுவாக இறுகும் இரட்டைக் கலவை எபாக்ஸி வாங்கினோம். புது பிளைவுட்டை வைத்து, அதன் மேல் ஃபைபர் தாளை இறக்கி, காற்று போக நடுவிலிருந்து ஓரத்துக்கு உருளையால் தேய்த்தோம். அடுத்த 24 மணி நேரம் அதை அமுக்கிப் பிடித்திருக்க வேண்டும். தொழிற்சாலையில் இருக்கும் இயந்திரத்துக்கு எங்கே போவது? கிழவர் தன் பழைய லாரியைக் கொண்டுவந்து சுவருக்கு இணையாக மூன்றடி தள்ளி நிறுத்தினார். சுவரில் தடித்த பலகை, அதன் மேல் குறுக்குச் சட்டங்கள், சட்டத்துக்கும் லாரிக்கும் நடுவில் கட்டைகளும் நான்கு கார் ஜாக்கிகளும். பழைய போர்வைகளை லாரிப் பக்கம் மடித்து வைத்து, ஜாக்கிகளைக் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கினோம். தெருவில் நாயைக் கூட்டிக்கொண்டு போனவர்களெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் பலகையை எடுத்தபோது சுவர் முழுக்க ‘டொக்’. கீழ் ஓரத்தில் மட்டும் இட்லி அளவுக்கு ஓரிடத்தில் லேசான மேடு. அங்கே பசை தேங்கிவிட்டது. அது இன்னும் இருக்கிறது. பொருள்களுக்கு 640 டாலர் செலவு. எங்கள் கூலியைக் கணக்குப் போடவில்லை.

ஆகஸ்டில் விளம்பரம் கொடுத்தான். எதைச் சொல்வது, எதை விடுவது என்று நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் அழுகின பிளைவுட்டிலிருந்து ஜாக்கி வரை போட்டோக்களை வரிசையாக அச்சுப் போட்டு ஒரு கோப்பில் வைத்திருந்தான். முதலில் வந்த இளம் தம்பதி முதல் போட்டோவைப் பார்த்ததுமே நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். இரண்டாவது ஆள் பாதி விலைக்குக் கேட்டான். மூன்றாவது ஆள் வரவேயில்லை. மகன் ராத்திரி சாப்பிடும்போது, “பார்த்தீங்களா?” என்றான். என்னிடம் பதில் இல்லை. மாதாமாதம் கடன் கட்டுவது நானல்லவே.

செப்டம்பர் கடைசியில், நான் திரும்புவதற்குப் பத்து நாள் முன்பு, எல்லோருமாக அந்த வண்டியில் பசிபிக் கரையோரம் போனோம். இரண்டாம் நாள் ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. கடற்காற்றோடு பக்கவாட்டில் அறைகிற மழை. எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து பெஞ்சுக்குப் பின்னால் கையை விட்டுச் சுவரைத் தடவினேன். இருட்டில் இன்னொரு கை என் கையில் இடித்தது.

“மீட்டர் கொண்டுவந்திருக்கேம்ப்பா” என்றான் மெதுவாக, குழந்தைகள் விழித்துக்கொள்ளாமல். குத்தினோம். 11. காலை நாலு மணிக்கு மறுபடி. 11.

நவம்பரில் நாக்பூருக்கு அவனிடமிருந்து போன் வந்தது. வண்டி விற்றாயிற்று, ஒரு வயதான கணவன் மனைவி. கோப்பை முழுக்கப் படித்தார்களாம்.

“அவர் முதல்ல சுவத்தைத்தாம்ப்பா தட்டிப் பார்த்தார். கீழ் ஓரத்துல அந்த மேடு இருக்கே, அதை அவர் கவனிக்கலை. நான்தான் காட்டினேன்.”

“எவ்வளவுக்குப் போச்சு?”

“பத்தரை.” பதினேழாயிரத்துக்கு வாங்கியது. கடனில் இன்னும் எட்டு மாதத் தவணை பாக்கி என்றான்.